பத்துச் சட்டை, ஒரே சாம்பார்

செப்டம்பர் 26, வெள்ளி

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. ஜனவரியில் ஒரு ஸ்வீட் டப்பாவும் இதுவும் கொடுத்தார்கள். ஜூலையில் என்னையும் இன்னும் முப்பத்தெட்டுப் பேரையும் வெளியே அனுப்பினார்கள். ஸ்வீட் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. டைரியைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பாதுகாப்பு வாசகம். இன்றைய வாசகம்: 'வேலையில் பேச்சு, விபத்துக்கு அழைப்பு.' நாங்கள் பேசியது ஒன்றே ஒன்றுதான். ஷிப்டு நடுவில் ஒன்றுக்குப் போக எதற்கு டோக்கன் என்று கேட்டோம்.

அது கிடக்கட்டும். நாளை விடியற்காலை ஹேமா தஞ்சாவூர் போகிறாள். ஹேமாவதி, என் மனைவி, செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான்கு ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் ஓடுகிறாள். அவர்களுடைய தஞ்சாவூர் கிளையில் ஒன்பது நாள் பயிற்சி. முடித்தால் வேலை நிரந்தரம். ஒரு நாள் தவறினாலும் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆண்டு வா என்பார்கள். காலாண்டு விடுமுறையும் சரியாக அதே ஒன்பது நாள். ஆக, மறைமலைநகர் மாடி வீட்டில் நான், ஒன்றாம் வகுப்பு கனிஷ்கா, மூன்றரை வயது லித்தேஷ். (அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று மூன்றரை ஆண்டுகளாகத் தேடுகிறேன். வைத்தது எண் கணிதக்காரர். அவருக்கும் தெரியவில்லை.)

மதியம் ஹேமாவின் அண்ணன் லோகநாதன் மச்சான் அரக்கோணத்திலிருந்து பேசினார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"மாப்ள, தப்பா நெனைக்காத. நீ ஆம்பள. பச்சப் புள்ளைங்கள வெச்சிகினு இன்னா பண்ணுவ? இங்க இட்னு வந்து வுட்டுடு. ஸ்கூல்கூட பாத்து வெச்சிருக்கேன். உனக்கு ஒரு வேல கெடைக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

ஒன்பது நாளைக்கு எதற்கு ஸ்கூல்? நான் கேட்கவில்லை. ஹேமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அவரு பாத்துக்குவாரு" என்றாள்.

"பாத்துக்கட்டும். ஆனா ஒரு வேள புள்ளைங்க ஒழுங்கா சாப்பிடலன்னு தெரிஞ்சுது, வண்டிய எடுத்துனு வந்து தூக்கினு போய்டுவேன். சொல்லிட்டேன்."

அதனால் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: பிள்ளைகள் மதியம் சாப்பிடும்போது தினமும் ஒரு போட்டோ எடுத்து ஹேமாவுக்கு அனுப்ப வேண்டும். அவள் அதை அண்ணனுக்கு அனுப்புவாள். அவளுக்கு போன் கையில் கிடைப்பது மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடமும்தான். விடுதியில் வீடியோ எடுக்காது. குரல் மட்டும்.

லித்தேஷுக்குத் தனி ஒப்பந்தம். ஹேமா அவனைத் தூக்கி தினசரி காலண்டர் முன்னால் நிறுத்தினாள். "தெனமும் காலையில ஒரு தாள் கிழிக்கணும். கீழ தொப்பை, மேல கொம்பு, அப்படி ஒரு நம்பர் வரும். அது வந்தா அம்மா வந்துடுவேன்." காற்றில் ஆறு போட்டுக் காட்டினாள். அவன் அதன்பிறகு சுவரில், என் முதுகில், தரையில் சிந்திய தண்ணீரில், எல்லா இடத்திலும் தொப்பையும் கொம்பும் போட்டுக்கொண்டிருக்கிறான்.

செப்டம்பர் 27, சனி

ஹேமா ஐந்து மணிக்குப் போனாள். எட்டு மணிக்கு வீடு கவிழ்ந்துவிட்டது.

இட்லியை எடுத்தால் தட்டும் சேர்ந்து வந்தது. உப்புமா கிண்டினேன். கனிஷ்கா கரண்டியோடு அதைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினாள். விழவில்லை. "அப்பா, மேஜிக்!" என்று கை தட்டினாள். லித்தேஷ் கீழே படுத்துக்கொண்டு வாயைத் திறந்து, அது விழட்டும் என்று காத்திருந்தான். விழவே இல்லை. இரண்டும் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அதற்குத் தண்ணீர் கொடுத்து, அது மேலே கொட்டி, சட்டை மாற்றி, மணி பத்து.

அப்போது எதிர்வீட்டு விமலா அக்கா ஒரு தூக்கு நிறைய சாம்பாரோடு வந்தார். "ஐயோ பாவம், ஆம்பளப் புள்ள தனியா கஷ்டப்படுதே. உன்ன மாதிரி புருஷன் கெடைக்க ஹேமா குடுத்து வெச்சிருக்கணும்பா."

எனக்குக் கோபம் வந்தது. ஆறு ஆண்டுகளாக ஹேமா விடியலில் எழுந்து இதே பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டு, தலை வாரி, அதற்குமேல் வேலைக்கு ஓடினாள். அவளுக்கு யார் சாம்பார் கொடுத்தார்கள்? நான் ஒரே ஒரு உப்புமாவைக் கெடுத்ததற்குப் பாராட்டு விழா. இதைச் சொல்ல வாயெடுத்தேன். சாம்பார் வாசனை வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சாம்பாரைப் பார்த்தபோதுதான் யோசனை உதித்தது. எட்டு ஆண்டு இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றவன் நான். டை என்கிற அச்சை மாற்றத்தான் நேரம் போகும். ஒரு தடவை செட் பண்ணிவிட்டால் நிறுத்தாமல் ஓட்டிவிட வேண்டும். தினமும் அழகாக ஆக்கி, தினமும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தினமும் படம் எடுப்பதா? ஒரே நாளில் ஒன்பது நாளுக்கும் எடுத்துவிட்டால் என்ன?

எடுத்துவிட்டோம்! தலைக்கு ஒன்பது சட்டை, எதற்கும் ஒன்று உபரி, பத்து. சோறு ஒன்றே. முதல் படத்தில் சாம்பார். மூன்றாம் படத்தில் மேலே கொஞ்சம் வறுத்த மிளகாய் போட்டு வத்தக்குழம்பு. ஏழாம் படத்தில் தண்ணீர் ஊற்றி ரசம். ஓரத்தில் அவித்த முட்டை, அடுத்த படத்தில் பீட்ரூட், அடுத்ததில் அப்பளம். அப்பளம் ஒவ்வொரு முறையும் படம் எடுக்கும் முன்பே காணாமல் போனது. கனிஷ்காவுக்கு இதைப்போலக் கொண்டாட்டம் வாழ்நாளில் கிடைத்ததில்லை. தீபாவளிப் பாவாடை, பள்ளி விளையாட்டு டீசர்ட், நைட்டி, எல்லாம் ஒரு மணி நேரத்தில். "ஈ சொல்லு" என்றால் கடைவாய் வரை காட்டினாள். லித்தேஷ் ஆறாம் சட்டையில் வேலைநிறுத்தம் செய்தான். நியாயமான கோரிக்கை. இரண்டு அப்பளத்தில் பேசி முடித்தோம்.

பின்னால் சுவரில் காலண்டர் தெரியும். அதையும் கவனித்தேன். நான் எதையும் மேலோட்டமாகச் செய்கிறவன் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் கிழித்தேன். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று போய், உபரிப் படத்துக்காக ஐந்தாம் தேதியையும் கிழித்தேன்.

ஆறு வந்தது.

லித்தேஷ் பார்த்தான். சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடினான். கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தான். பிறகு பத்தாவது சட்டையோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். "அம்மா வல்ல?" என்று கேட்டான். இல்லடா, இது சும்மா என்றேன். சும்மா என்றால் என்ன என்று கேட்டான். கூப்பிட்டால் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு ஹேமா போனில் பேசும்வரை அங்கேதான் இருந்தான்.

பேசிய பிறகு ஒன்பது தாளையும் தேடிப் பொறுக்கி, சோற்றுப் பருக்கையால் ஒவ்வொன்றாக ஒட்டி மறுபடி இருபத்தேழுக்குக் கொண்டுவந்தேன். லித்தேஷ்தான் பருக்கை எடுத்துக் கொடுத்தான்.

முதல் படத்துக்கு ஹேமா 'சூப்பர்' என்று அனுப்பியிருந்தாள். மச்சான் ஒரு கட்டைவிரல்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பால் பொங்கியது. இரண்டு முறை. காலண்டருக்கு எறும்பு வந்திருக்கிறது. படம் எண் இரண்டு அனுப்பியாயிற்று.

செப்டம்பர் 29, திங்கள்

கனிஷ்காவின் பள்ளி ஒரு விடுமுறை வேலை கொடுத்திருக்கிறது. 'விடுமுறையில் நான் சென்ற இடம்'. போட்டோ ஒட்டி மூன்று வரி எழுத வேண்டும். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் அப்பா ஷிப்டில் இருப்பான், மீதிப் பிள்ளைகளின் அப்பா ஷிப்டு தேடிக்கொண்டிருப்பான். எங்கே போவார்கள்? போகாத பிள்ளை என்ன ஒட்டும்? இந்த வேலையை யோசித்தவர் ஊட்டியில் உட்கார்ந்து யோசித்திருப்பார்.

கனிஷ்கா தெளிவாக இருந்தாள். "எங்க கிளாஸ் சஹானா விமானத்துல போறாப்பா. நம்ம விமானம் வேணாம், எனக்கு காது வலிக்கும். ரயில் போதும்." சரி, நாளைக்கு ரயில்.

இன்னொரு கண்டுபிடிப்பு. தட்டில் போட்டால் இரண்டும் தின்னாது. இன்று மோர்க்குழம்பு என்று நினைத்து நான் செய்த ஏதோ ஒன்றைச் சட்டியோடு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து உருட்டி ஆளுக்கொரு கையில் வைத்தேன். தூரத்தில் ரயில் போகும்போதெல்லாம் ஓர் உருண்டை என்று விதி போட்டாள் கனிஷ்கா. சரக்கு ரயில் என்றால் இரண்டு. சட்டி காலி. லித்தேஷ் விரல் விட்டு வழித்தான். தெற்கு ரயில்வேக்கு என் நன்றி.

செப்டம்பர் 30, செவ்வாய்

போய் வந்தோம்! மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு, மின்சார ரயிலில். மொத்தம் இருபது நிமிடப் பயணம். ஆனால் கனிஷ்கா ஒரு பையில் துண்டு, பேஸ்ட், குடை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கொளவாய் ஏரி வந்ததும் இரண்டும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கத்தின. "கடல்! கடல்!" எதிர் சீட்டில் இருந்தவர் அது ஏரிம்மா என்றார். "இல்ல, எங்களுக்கு கடல்" என்றாள் கனிஷ்கா. அவர் சரிம்மா கடல்தான் என்று ஒத்துக்கொண்டார்.

திரும்பும்போது கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பரனூர் தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். கனிஷ்கா வாயில் கைவிட்டு எதையோ எடுத்தாள். மேல்வரிசை முன்பல். ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அழுவாள் என்று பயந்தேன். அவள் பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "பல்லு விழுந்துடுச்ச்சு!" என்று கூவினாள். பெட்டியே கை தட்டியது. கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து கை குலுக்கினாள். உதட்டில் ரத்தமும் விரலிடுக்கில் பல்லுமாக அவள் சிரிப்பதை ஒரு படம் எடுத்தேன். பள்ளிக்கு அதுதான் வேண்டும் என்கிறாள்.

பல் தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆறு மணிப் போனில் ஐந்து நிமிடத்தையும் பல்லே எடுத்துக்கொண்டது. பிறகு லோகு மாமாவுக்கும் போன் போட வைத்துச் சொன்னாள். பிறகு விமலா அக்காவுக்கு. பிறகு பால்காரருக்கு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எட்டு ஆண்டும் இந்த நாளில் கம்பெனியில் இருந்தேன். என் பிரஸ்ஸை நானே துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போடுவேன். ஜி.எம். வந்து கும்பிட்டுப் பொரிப் பொட்டலம் கொடுப்பார். இன்றும் அந்த மெஷினுக்கு மாலை போட்டிருப்பார்கள். யார் துடைத்தார்களோ. இடது பக்கம் எண்ணெய் கசியும், துணி வைத்து அடைக்க வேண்டும். அது புது ஆளுக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கென்ன வந்தது?

வீட்டுக்கு வருவோம். குக்கர், மிக்ஸி, தோசைக் கரண்டி, இட்லித் தட்டு, ஹேமாவின் பழைய ஸ்டெதஸ்கோப், சைக்கிள், சீப்பு, வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தோம். லித்தேஷ் தன் நெற்றியில் வயிற்றில் முழங்காலில் எல்லாம் சந்தனம் அப்பிக்கொண்டு வரிசையில் கடைசியில் போய் நின்றான். "நானும் மெஷின்." குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். அவன் 'ட்ர்ர்ர்' என்று ஓட ஆரம்பித்து இன்னும் நிற்கவில்லை.

படம் எண் ஐந்து அனுப்பினேன். தீபாவளிப் பாவாடையில் கனிஷ்கா காது வரை வாய் விரித்துச் சிரிக்கும் படம். வழக்கமாக உடனே பதில் வரும். இன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'கனி சிரிப்பு ரொம்ப அழகா இருக்குங்க. ஒரு பல்லு விடாம தெரியுது' என்று எழுதியிருந்தாள். ரசனை உள்ளவள். என் உழைப்பு வீண்போகவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி, இறைச்சிக் கடை எல்லாம் மூடல். கருவாட்டுக்கு விடுமுறை இல்லை. முதல் முறையாக நானே புளி கரைத்து, நானே தாளித்து, நானே உப்புப் பார்த்தேன். மாடியில் வைத்து உருட்டினேன். மூன்று சரக்கு ரயில். அப்பா இன்னும், அப்பா இன்னும். எனக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தயிர்ச்சோறு தின்றேன். இப்படி ஒரு நாளை நான் எங்கேயும் அனுபவித்ததில்லை.

படம் எண் ஆறில் அவர்கள் சாப்பிடுவது அதே விமலா அக்கா சாம்பார். பக்கத்தில் பீட்ரூட்.

அக்டோபர் 3, வெள்ளி

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அமைதியாக இருந்தது. அமைதி என்றாலே ஓடியிருக்க வேண்டும்.

கனிஷ்கா லித்தேஷுக்கு முடி வெட்டிவிட்டாள். முன் நெற்றிக்கு மேல் ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம். பின்னால் ஒரு வாலை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். "ஸ்டைல்ப்பா. தம்பிதான் கேட்டான்." தம்பி கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டி ஆனந்தப்படுகிறான்.

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. இன்றைக்கு நிஜப் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தால்? மச்சான் அடுத்த நிமிடம் வண்டி எடுத்திருப்பார். ஒன்பது நாள் படத்தையும் முதல் நாளே எடுத்து வைத்தது எவ்வளவு பெரிய காரியம்! முன்யோசனை என்பது இதுதான்.

ஆறு மணிக்கு ஹேமா கேட்டாள்: "புள்ளைங்க ரெண்டும் போட்டோல இருக்கற மாதிரியேதான இருக்குதுங்க?"

"அப்படியே இருக்குதுங்க. ஒரு மயிர் மாறல" என்றேன்.

அவளுக்குத் தொடர்ச்சியாக இருமல் வந்தது. தஞ்சாவூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 4, சனி

ரயில் படத்தை ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். "ரத்தமா இருக்கே தம்பி, வேற நல்லா ஒண்ணு இல்லியா?" என்றார் கடைக்காரர். கனிஷ்கா அவரிடம் ஈ என்று காட்டிவிட்டு, "இதான் நல்லா இருக்கு" என்றாள். நோட்டில் ஒட்டி மூன்று வரி எழுதியிருக்கிறாள்: 'நான் செங்கல்பட்டு போனேன். கடல் பார்த்தேன். பல் கொடுத்தேன்.'

மாலையில் ஹேமா குரலை இறக்கிப் பேசினாள். "நாளைக்கு போட்டோ எதுவும் அனுப்பாதீங்க."

"ஏன்? ஒம்பதாவதுதான் இருக்கறதுலயே நல்ல படம்."

"வேணாங்க. அண்ணன் நாலு தடவ போன் பண்ணுச்சு. நாளைக்கு அங்க வந்தாலும் வரும். வந்தா சண்ட போடாதீங்க. புள்ளைங்கள மட்டும் அனுப்பிடாதீங்க. எனக்கு நாளைக்கு கடைசித் தேர்வு, நான் கெளம்பி வர முடியாது."

என்ன நடந்தது என்று கேட்பதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. வீட்டைப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில் மூன்று அப்பளம் கிடைத்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

மச்சான் வந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் மொட்டைமாடியில் இருந்தோம். கோழிக் குழம்பு, என் முதல் கோழிக் குழம்பு. படியில் திடுதிடு என்று சத்தம். கையில் கார் சாவியோடு மேலே வந்தார். லித்தேஷின் தலையைப் பார்த்ததும் ஒரு படி பின்வாங்கினார். என்னைத் தாண்டிப் போனார். நேராகக் கனிஷ்கா முன்னால் குந்தினார்.

"கனி, வாயத் தொற."

அவள் திறந்தாள். ஓட்டை தெரிந்தது. வாய்க்குள் கோழியும் தெரிந்தது.

"எப்டி விழுந்துச்சு? மாமாகிட்ட உண்மைய சொல்லணும்."

"கடல முட்டாய்ல. சொன்னேன்ல."

"யாரும் அடிக்கல?"

"அடிச்சாங்க."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு?"

"லித்தேஷ். நேத்து, முதுகுல. நானும் குடுத்தேன் ஒண்ணு."

மச்சான் எழுந்தார். "அப்ப இன்னாத்துக்கு மாப்ள நாலு நாளா கொயந்த வாய மறைச்சி மறைச்சி அனுப்பறீங்க? பல்லு விழுந்துச்சுன்னு சொல்லுது, அன்னிலேர்ந்து போட்டோல வாயக் காணோம். ஒதடு கிழிஞ்சிருக்குதோ, தையல் போட்டிருக்குதோன்னு நான் மூணு நாளா தூங்கல!"

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் என் படங்கள். ஐந்தாவது படத்தில் தீபாவளிப் பாவாடை, பின்னால் காலண்டர், சாம்பார், எல்லாம் நான் எடுத்தபடியே. கனிஷ்காவின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூரியகாந்திப் பூ. ஆறாவதில் கிளி. ஏழாவதில் இதயம். எட்டாவதில் தர்பூசணித் துண்டு.

நான் பூ ஒட்டவில்லை. நான் அனுப்பியதில் கிளி இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை விழுந்த பல் புதன்கிழமைப் படத்தில் முழுசாக இருந்திருக்கிறது. காலண்டரைப் பார்த்தேன், குழம்பைப் பார்த்தேன், மயிரைப் பார்த்தேன், பல்லைப் பார்க்கவில்லை. ஹேமா பார்த்திருக்கிறாள். அந்தப் படத்திலேயே பிடித்திருக்கிறாள். பிடித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பயிற்சி நடுவில் கிடைத்த சோற்று நேரத்தில் உட்கார்ந்து, அண்ணன் கண்டுபிடிக்காமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்டிக்கர் தேடி ஒட்டியிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கிறாரே என்று பிள்ளைகளும் சிரித்தன. மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பத்துச் சட்டை, ஒரே சாம்பார், எல்லாம்.

"நாடகமா ஆடறீங்க புருஷனும் பொண்டாட்டியும்?" என்று கத்தினார். "போதும். கனி, பைய எடு. அரக்கோணம் போலாம். நாளைலேர்ந்து அங்கதான் ஸ்கூல்."

"நான் வல்ல" என்றாள் கனிஷ்கா. "நாளைக்கு நோட்டு காட்டணும்." லித்தேஷ் என் லுங்கிக்குள் புகுந்துகொண்டான்.

சண்டை போடாதீங்க என்று ஹேமா சொல்லியிருந்தாள். போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மச்சான், அரக்கோணத்துல இதுங்களுக்கு யாரு சோறு ஊட்டுவா?"

"ஏன்? கஸ்தூரி இருக்கால்ல." கஸ்தூரி அக்கா அவர் மனைவி.

"யாரு குளிப்பாட்டுவா?"

"கஸ்தூரிதான்."

"யாரு தல வாருவா, யாரு ஸ்கூலுக்கு அனுப்புவா, ஜொரம் வந்தா யாரு முழிச்சிருப்பா?"

அவர் கார் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்ப நீங்க இதுங்கள உங்க வீட்டுக்குக் கொண்டு போகல. அக்கா தலையில கொண்டு போய் வெக்கறீங்க. அக்காவக் கேட்டீங்களா?"

"அவ இன்னா சொல்லப் போறா?" என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. "இரு, இப்பவே கேக்கறேன்" என்று கஸ்தூரி அக்காவுக்குப் போன் போட்டார். வீராப்பில் ஸ்பீக்கரிலும் போட்டார்.

"கஸ்தூரி, புள்ளைங்கள இட்னு வரேன். ரெண்டு பேரும் இனிமே நம்ம வீட்லதான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடியது. பிறகு நின்றது.

"யாரக் கேட்டு?"

"இன்னா யாரக் கேட்டு? என் தங்கச்சி புள்ளைங்க."

"புள்ளைங்க தங்கமான புள்ளைங்க. அதுங்கள சொல்லல. இங்க ஏற்கெனவே ரெண்டு இருக்குது. நீங்க ஒண்ணு, மூணு. எங்க வூட்டு வேல எங்க முடியுது, எப்ப முடியுதுன்னு எப்பனா பாத்திருக்கீங்களா? ஸ்கூல் பாத்தீங்களாமே, காலையில நீங்க தல வாரி வுடுவீங்களா? சரி, அதெல்லாம் வாணாம். நம்ம பொண்ணு எத்தனாவது படிக்கிறா, சொல்லுங்க பாப்பம்."

மச்சான் வானத்தைப் பார்த்தார். "எட்டு."

"ஒம்போது! ஜூன்லேர்ந்து ஒம்போது! போன மாசம் கையெழுத்து போட்டீங்களே ரேங்க் கார்டு, அது பக்கத்து வூட்டுப் பொண்ணுதுன்னு நெனச்சீங்களா?"

லித்தேஷ் லுங்கிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஒம்போது!" என்றான்.

"தம்பி தணிகை, அங்க இருக்கியா?" என்றார் அக்கா.

"இருக்கேங்கா."

"இன்னா கொழம்பு?"

"கோழிக்கா."

"அந்தாளுக்கு கொஞ்சம் போடு. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னாம பயந்துகினே வந்துச்சு. துன்னதும் தட்ட அது கையாலயே கழுவச் சொல்லு." மிக்ஸி மறுபடி ஓடியது.

மச்சான் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். கார் சாவியைக் கீழே வைத்தார். நான் சோற்றைப் பிசைந்தேன். தட்டில் போடலாமா என்று யோசிக்கும்போதே கனிஷ்கா ஓர் உருண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அவர் வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாமா, துன்னாத! ரயில் வரல!"

அவர் உருண்டையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விதியைச் சொன்னேன். காத்திருந்தார். தாம்பரம் பக்கமிருந்து ஒன்று வந்தது. தின்றார். "உப்பு கம்மி" என்றார். அடுத்த ரயில் எப்போ என்று கேட்டார். ஏழு ரயில் உட்கார்ந்திருந்தார். ஒரு சரக்கு ரயில் வந்தபோது அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து, "ரெண்டு! ரெண்டு!" என்று கத்தினார். நாற்பத்தேழு வயது.

தீப்பெட்டியைத் திறந்து பல்லையும் காட்டினாள் கனிஷ்கா. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒடையல. முழுசா இருக்குது" என்றார். கண்ணைத் துடைத்தார். மனிதர் உண்மையிலேயே பயந்துதான் போயிருக்கிறார்.

கடைசியில் சட்டியைக் குழாயடியில் வைத்துத் தேய்த்தார். அடியை விட்டுவிட்டு ஓரத்தைத் தேய்த்தார். நான் ஒரு போட்டோ எடுத்தேன். ஒன்பது நாளில் நான் அனுப்பிய முதல் நிஜப் படம். கஸ்தூரி அக்காவுக்கு ஒன்று, ஹேமாவுக்கு ஒன்று.

படி இறங்கும்போது மச்சான் திரும்பிப் பார்க்காமல், "அந்த ஸ்கூல்ல வாணாம்னு சொல்லிடறேன்" என்றார். பிறகு நின்று, "அந்தக் கொழம்பு எப்பிடி பண்ணேன்னு அப்பறம் சொல்லு" என்றார்.

ஆறு மணிக்கு முன்பே ஹேமாவின் பதில் வந்துவிட்டது: 'தேர்வு முடிஞ்சுது. பாஸ். அண்ணன் கையில இருக்கற சட்டி நிஜமா, ஸ்டிக்கரா?'

அக்டோபர் 6, திங்கள்

விடிந்தும் விடியாமல் வந்தாள். வாசலிலேயே பையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் தஞ்சாவூர் இருமல்தான்.

நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள். "மூணாவது நாள் வத்தக்கொழம்புல முருங்கக்கா மெதந்துச்சு. அதுவும் விமலாக்கா சாம்பார்தான?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

ஹேமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "சொல்லியிருந்தா மறுநாள்லேர்ந்து நீங்க நிஜத்த அனுப்பியிருப்பீங்க. முடி வெட்டினது, பால் பொங்கினது எல்லாம். நான் அங்க உக்காந்திருப்பேனா? அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன். நீங்க பொய் அனுப்பற அளவுக்கு நெதானமா இருக்கீங்க, அப்ப புள்ளைங்க நல்லாதான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

டீ போட்டேன். பால் பொங்கவில்லை.

கனிஷ்கா முதலில் எழுந்து பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, தீப்பெட்டியைத் திறந்து, நோட்டைப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டினாள். அந்தச் சத்தத்தில் லித்தேஷ் எழுந்தான்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். ஹேமா அவன் தலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையை நீட்டினாள். அவன் வரவில்லை. அசையாமல் நின்றான். பிறகு திரும்பி நடந்து போய், பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துக் காலண்டருக்குக் கீழே போட்டு ஏறினான். பருக்கை காய்ந்து விறைத்த தாள், ஐந்து. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். சடசடவென்று உரிந்து வந்தது.

கீழே இருந்த தாளில் விரலை வைத்தான். தொப்பையைத் தடவினான். கொம்பைத் தடவினான்.

அதற்கப்புறம்தான் முக்காலியிலிருந்து குதித்து ஓடி வந்தான்.